பில் வராத மேசை

வெளிநாட்டுத் திருப்பயணம் முடித்துத் திரும்பும் நம் மக்கள் பங்கு இல்லத்துக்கு வந்து முதலில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பேராலயங்களைப் பற்றியன்று, சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். தூய பேதுருவின் கல்லறையருகே முழந்தாளிட்டுச் செபித்ததை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டு, "ஆனால் சாமி, அங்கே ஹோட்டலில்..." என்று தொடங்கினால் அரைமணி நேரத்துக்குக் குறையாது. இதைக் குறையாக எண்ணி நாம் எழுதவில்லை. கோயிலுக்குள் எந்நாட்டிலும் நமக்கு வழி தெரியும். எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்பது மொழி அறியாவிட்டாலும் விளங்கிவிடும். உணவு மேசையில் அமர்ந்த பின்னரே நாம் அயலார் என்பது நமக்கு உறைக்கிறது.

2025-ஆம் ஆண்டு யூபிலி ஆண்டு. அவ்வாண்டு அக்டோபரில் நம் பங்கிலிருந்தும் அண்டைப் பங்குகளிலிருந்தும் முப்பது பேர் உரோமைக்குச் சென்றபோது வழித்துணையாக நாமும் சென்றோம். லீரா நாணயம் மறைந்து யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்த 2002-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டாண்டுக் காலம் அந்நகரில் நாம் பயின்றிருந்தமையால், 'சாமிக்கு எல்லாம் தெரியும்' என்று மக்கள் நம்பிவிட்டனர். தெரிந்திருந்தது உண்மையே. தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதும் உண்மை. அந்தக் குற்றத்தைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம்.

மூன்றாம் நாள் மாலை இலாத்தரன் பேராலயத்தின் புனிதக் கதவைக் கடந்து வந்தபின் நம் குழுவினருக்கு ஓய்வு. பெரும்பாலோர் விடுதிக்குத் திரும்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியோடும் ஊறுகாயோடும் அமைதி கண்டனர். ஐந்து பேர் மட்டும், "ஒரு வேளையாவது இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடுவோம், சாமி" என்று நம்முடன் வந்தனர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவருடைய துணைவியார், கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், கணவரை இழந்த சகோதரிகள் இருவர்.

அப்போது மணி ஆறு. உரோமையில் மதிய உணவு முடிந்ததும் மூன்று மணியளவில் பெரும்பாலான உணவகங்கள் கதவைச் சாத்திவிடும். இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மீண்டும் திறக்கும். காலை இட்லிக்குத் திறந்த கடை இரவு கடைசிப் பரோட்டா வரை மூடாத ஊரிலிருந்து சென்றவர்களுக்கு இதுவே முதல் வியப்பு. பசியோடு தெருவில் நடந்தோம். நல்லவேளையாக உரோமையில் தாகத்துக்குக் குறைவில்லை. 1874-ஆம் ஆண்டு முதல் அந்நகர ஆட்சியினர் தெருவுக்குத் தெரு நிறுவிய வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்களிலிருந்து இரவும் பகலும் நல்ல குடிநீர் வழிந்துகொண்டேயிருக்கிறது. சுமார் 2,500 குழாய்கள் உண்டு. வளைந்த குழல் மூக்கைப் போலிருப்பதால் 'பெரிய மூக்கு' என்ற பொருளில் அவற்றை 'நசோனே' என்று அழைக்கின்றனர். அத்தகைய குழாய் ஒன்றின் அருகே ஒரு கல்லிருக்கையில் ஏழரை மணி வரை அமர்ந்திருந்தோம். அந்த இருக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அங்கே வருவோம்.

பின்பு நாம் நுழைந்த உணவகம் 'திராத்தொரியா' என்னும் வகையைச் சேர்ந்தது. ஆடம்பரமற்ற குடும்ப உணவகம். பத்துப் பன்னிரண்டு மேசைகள் இருந்தன. நரைத்த தலையும் கைமேல் மடித்த வெள்ளைத் துவாலையுமாக ஒரு பெரியவர் நம்மை வரவேற்று, ஓரத்து மேசையைக் காட்டி, உணவுப் பட்டியலைத் தந்துவிட்டுப் போனார். தண்ணீர் எது வேண்டும், காற்றடைத்ததா, சாதாரணமா என்று கேட்டார். இரண்டும் புட்டியில்தான் வரும். இரண்டுக்கும் விலை உண்டு. "தெருவில் சும்மா கொட்டுகிறது, மேசைக்கு வந்தால் காசா?" என்றார் வங்கி அன்பர். அவருடைய கணக்கு மனம் அப்போதே விழித்துக்கொண்டது.

சோறும் குழம்பும் கூட்டும் பொரியலும் ஒரே இலையில் வந்து அமர்வதைக் கண்டவர்கள் நாம். இத்தாலியரோ அவற்றை வரிசையில் நிறுத்துகின்றனர். முதலில் மாவுப் பண்டமாகிய பாஸ்தா தனியே வரும். அதை உண்டு முடித்துத் தட்டு அகன்ற பிறகே இறைச்சியோ மீனோ வரும். காய்கறி வேண்டுமென்றால் அதைத் தனியே கேட்க வேண்டும். தலைமையாசிரியரின் துணைவியார் பாஸ்தாவில் பாதியை உண்டுவிட்டு, மீதியை இறைச்சிக் குழம்போடு பிசைந்து உண்ணலாம் என்று வைத்துவிட்டார். பெரியவரோ தொலைவில் நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் இறைச்சி வரட்டும் என்று காத்திருந்தார். அவர் தட்டு காலியாகட்டும் என்று பெரியவர் காத்திருந்தார். மற்றவர்களுக்கும் இறைச்சி வரவில்லை. ஒருவர் உண்டுகொண்டிருக்கும்போது மற்றவர்க்கு அடுத்த உணவைப் பரிமாறுவது அங்கு மரியாதையன்று. இருபது நிமிடம் இந்த மௌனப் போர் நடந்தது. நமக்குச் சிரிப்பு வந்தது. வங்கி அன்பர் நம்மிடம் அந்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தமையால், இதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. கடைசியில் அம்மையாரே சலித்துப்போய்த் தட்டைத் தள்ளிவைத்தார். மறு நிமிடம் இறைச்சி வந்தது.

சாப்பாடு முடிந்ததும் சகோதரிகள் இருவரும் பால் காப்பி கேட்டனர். நுரை ததும்பும் 'கப்புச்சீனோ' அங்கு காலைப் பானம். உணவுக்குப் பின் அருந்துவது சர்க்கரையிட்ட கரிய காப்பியே. பெரியவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு தலைவணங்கிக் கொண்டுவந்தார். கப்புச்சின் சபைத் துறவியரின் பழுப்பு அங்கி நிறத்தால் அப்பானத்துக்கு அப்பெயர் வந்தது என்று நாம் கூறவே, சகோதரிகள் மிகுந்த பக்தியோடு அதை அருந்தினர்.

அப்போது மணி ஒன்பது. மேசை துடைக்கப்பட்டுவிட்டது. அதன்பின் எவரும் நம் பக்கம் வரவில்லை.

நம் ஊர் உணவகத்தில் கை கழுவித் திரும்புமுன் சோம்புத் தட்டோடு பில் வந்துவிடும். கூட்டமுள்ள நாளில் நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்று நாம் மோர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் நாம் எவரும் அவமதிப்பைக் காண்பதில்லை. இங்கோ ஒன்பதேகால் ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. பெரியவர் நம் மேசையைக் கடந்து மும்முறை சென்றார். மும்முறையும் நம்மைப் பாராதவர்போல் சென்றார். நாமோ வங்கி அன்பரோடு பேச்சில் ஆழ்ந்திருந்தோம். தலைமையாசிரியரின் முகம் இருண்டதை நாம் கவனிக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு அவர் எழுந்தார். பையிலிருந்து நூறு யூரோவும் இன்னும் சில தாள்களும் எடுத்து மேசைமேல் வைத்தார். "போதும், சாமி. காசு போதாவிட்டால் வந்து கேட்கட்டும்" என்று கூறி, துணைவியாரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். மற்றவர்களும் திகைத்துப் பின்தொடர்ந்தனர்.

பெரியவர் ஓடிவந்தார். மேசைமேல் கிடந்த பணத்தைப் பார்த்தார். நம் கழுத்துப்பட்டையைப் பார்த்து, இத்தாலிய மொழியில், "தந்தையே, நான் என்ன தவறு செய்தேன்? உணவு சரியில்லையா?" என்று கேட்டார். பில் வராததால் எழுந்து போனார் என்றோம். அவருக்கு விளங்கவில்லை. "அவர் கேட்கவில்லையே?" என்றார். பிறகு கதவைச் சுட்டி, "எட்டரை மணிக்கு இருவர் வந்தார்கள். இடமில்லை என்று அனுப்பிவிட்டேன். இந்த மேசை இன்றிரவு முழுவதும் உங்களுடையது அல்லவா?" என்றார். பணத்தை எண்ணி, மீதியைக் கடைசி நாணயம் வரை நம் கையில் வைத்தார். அவருடைய கை சற்று நடுங்கியது.

அன்பர்களே, இத்தாலியில் கேளாத விருந்தினர்முன் பில்லை வைப்பது 'எழுந்து போ' என்று கூறுவதற்கு ஒப்பாகும். நாள்தோறும் உரோமையில் நடக்கும் இச்செய்தியை நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவோம். மிகவும் பழகிப்போனதால், இதைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை.

தலைமையாசிரியரை அந்தக் கல்லிருக்கையில் கண்டோம். விவரத்தைக் கூறினோம். அவர் ஒப்பவில்லை. "நம் ஆண்டவரே சீமோனைக் கேட்டாரே, சாமி" என்றார். பரிசேயனான சீமோன் வீட்டு விருந்தில், காலுக்குத் தண்ணீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை என்று இயேசு சுட்டிக்காட்டியதை அவர் நினைவூட்டினார். விருந்தில் செய்ய வேண்டியதைச் செய்யாதிருப்பது சிறிய குற்றமா என்பது அவர் வாதம்.

நாம் விடை தேடிக்கொண்டிருக்கையில் அவர் தாழ்ந்த குரலில் மேலும் கூறினார்: "காக்க வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் டீக்கடையில் என் அப்பா காசைத் திண்ணையில் வைத்துவிட்டு எட்டி நிற்பார். மற்றவர்கள் எல்லாரும் குடித்துப் போன பிறகுதான் அவருக்கு ஊற்றுவார்கள். அதுவும் வேறு குவளையில். நான் சின்னப் பையன், பக்கத்தில் நிற்பேன். கடைக்காரர் எங்களைப் பார்க்கவே மாட்டார். இன்றைக்கு இந்த மனிதர் பார்க்காமல் போனபோது எனக்கு எழுபது வயது இல்லை, சாமி, ஏழு வயது."

முப்பது ஆண்டுகளாக அவரை அறிவோம். பங்குப் பேரவையில் அவரோடு அமர்ந்திருக்கிறோம். இதை அவர் சொல்லி நாம் கேட்டதில்லை. இரட்டைக் குவளையைப் பற்றி நாம் மறையுரையில் கண்டித்ததுண்டு. கேட்டுக்கொண்டு முதல் வரிசையில் அமர்ந்திருந்தவருள் ஒருவர் அதைக் கையில் ஏந்தியவரின் மகன் என்பதை அறிந்திருக்கவில்லை.

இத்தகைய மனிதரிடம், 'நீங்கள் தவறாக எண்ணிவிட்டீர்கள்' என்று எளிதாகக் கூறிவிட முடியுமா? நிறம் கண்டு இகழ்வோர் எந்நாட்டிலும் இல்லாமலில்லை. நாம் பயின்ற காலத்தில் உரோமைப் பேருந்தில் அதைப் பட்டிருக்கிறோம். ஆயினும் அன்றிரவு நடந்தது அதுவன்று. சீமோன் வழக்கத்தை அறிந்தவன். அவனும் ஆண்டவரும் ஒரே நாட்டினர். அறிந்திருந்தும் செய்யாமல் விட்டான். தேநீர்க்கடைக்காரரும் அப்படியே. இந்தப் பெரியவரோ தம் வழக்கத்தில் உள்ள மரியாதை முழுவதையும் நமக்குச் செய்துவிட்டு நின்றார். செயல் ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் வேறு. இதை நாம் கூறியபோது தலைமையாசிரியர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. குழாய் நீர் ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

அப்போதுதான் நாம் எவரிடமும் கூறாத ஒன்றை அவரிடம் கூறினோம்.

2008-ஆம் ஆண்டு கோடையில், நம் மறைமாவட்டத்தின் பணித்தளங்களுக்கு உதவி வேண்டி அமெரிக்கப் பங்குகளில் மறையுரையாற்ற நாம் அனுப்பப்பட்டோம். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர். ஞாயிறு நண்பகலில் தனியே ஓர் உணவகத்துக்குச் சென்றோம். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வந்து தம் பெயரைக் கூறி, இன்று உங்களுக்குப் பரிமாறப்போவது நான்தான் என்றார். உரோமையில் எந்தப் பரிமாறுபவரும் தம் பெயரைக் கூறி நாம் கேட்டதில்லை. பனிக்கட்டி நிறைந்த தண்ணீர் கேளாமலே வந்தது. குறையக் குறைய நிரப்பப்பட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று புன்னகையோடு கேட்டார். வாயில் உணவோடு நாம் தலையசைத்தோம். நேற்று மாலைத் திருப்பலியில் உங்கள் மறையுரையைக் கேட்டேன், உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் காணிக்கை போட்டேன் என்றும் கூறினார். பிறகு, கடைசிக் கவளம் முட்கரண்டியில் இருக்கும்போதே பில்லை மேசையில் வைத்து, "அவசரமில்லை" என்று கூறிச் சென்றார்.

உரோமையில் பழகிய நமக்கு அது கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போலிருந்தது. அவசரமில்லையென்றால் பில் எதற்கு? அத்தனை புன்னகையும் வாணிகம்தானா என்று மனம் கசந்தது. பில் இருபத்து நான்கு டாலருக்குச் சற்று மேல். சில்லறையை எண்ணி, சரியாக அத்தொகையை மட்டும் வைத்துவிட்டு எழுந்தோம். டிப்ஸ் என்பது நம் அகராதியில் கைக்கூலியின் தங்கை. காணிக்கை திரட்டச் சென்ற குரு அதை வளர்க்கலாகாது என்றும் ஒரு நியாயம் தோன்றியது.

அன்றிரவு அப்பங்கின் குருவானவரிடம் இதைப் பெருமையாகவே கூறினோம். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அந்த அம்மாவுக்கு முதலாளி கொடுக்கும் மணிக்கூலி எவ்வளவு தெரியுமா? 2 டாலர் 13 சென்ட்" என்றார்.

அது உண்மை, இன்றும் உண்மை. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் தொழிலாளருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியை நடுவண் சட்டம் மணிக்கு 2.13 டாலர் என்று 1991-இல் நிறுத்தியது. அதன்பின் அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. மற்றத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் 7.25 டாலர். இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை உண்பவர் வைக்கும் காசு நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முதலாளி நிரப்ப வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. கேட்டுப் பெறுவதற்கோ துணிவு வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற ஏழு மாநிலங்கள் இந்த ஏற்பாட்டை ஒப்பாமல் முழுக் கூலியையே கேட்கின்றன. டெக்சாஸ் அவற்றுள் ஒன்றன்று. ஆகவே பில் தொகையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை வைப்பது அங்கே தருமமன்று, கூலி. தட்டு எடுப்பவருக்கும் அதில் பங்கு போவதுண்டு. பில்லை உடனே வைப்பதும் அங்கே மரியாதையே: உங்கள் நேரத்தை நான் வீணாக்கவில்லை, விரும்பும்போது போகலாம் என்பது அதன் பொருள். வைக்காவிட்டால் அந்நாட்டவர் நம் தலைமையாசிரியரைப் போலவே எழுந்து போவார்கள்.

அந்தக் கல்லிருக்கையில் கூற நேரமில்லாத ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறோம், ஏனெனில் இது நாம் பிற்பாடு படித்து மிகவும் கலங்கிய செய்தி. டிப்ஸ் அமெரிக்காவின் பழைய வழக்கமன்று. ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் வேலையாட்களுக்குக் காசு எறியும் வழக்கத்தைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பயணம் போன பணக்காரர் இறக்குமதி செய்தனர். குடியரசு நாட்டுக்கு இது இழுக்கு என்று பலர் எதிர்த்தனர். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926-க்குள் எல்லாத் தடைகளும் நீங்கிவிட்டன. நீங்கியதற்கு ஒரு காரணம், அவ்வழக்கத்தால் ஆதாயம் பெற்றவர்கள் இருந்தமையே. அடிமைத்தனம் ஒழிந்தபின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை உணவகங்களும் இரயில் கம்பெனிகளும் அற்பக் கூலிக்கு அமர்த்தி, மீதியைப் பயணிகளிடம் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். சிகாகோவைச் சேர்ந்த புல்மன் கம்பெனியின் படுக்கைவசதிப் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத்தவர் இதற்குப் பெயர்பெற்ற சான்று. அவர்களுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் பயணிகள் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். புன்னகை குறைந்தால் காசு குறையும். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல் கம்பெனியோடு கூலி ஒப்பந்தம் கண்டனர். அதே சிகாகோவில் பிறந்த ஒருவர், தொழிலாளர் கூலியைப் பற்றி 1891-இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைந்து, 2025 மே மாதம் பதினான்காம் லியோ என்ற பெயரோடு திருத்தந்தையானார் என்பதை எண்ணும்போது நமக்கு மகிழ்ச்சியே. இருவர் மனமொத்துப் பேசிக்கொண்டதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது, உழைப்பவர் எளிமையாக வாழவாவது அது போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அம்மடலின் போதனை.

இத்தாலியில் உணவகத் தொழிலாளரின் சம்பளம் நாடு தழுவிய தொழிற்சங்க ஒப்பந்தத்தால் வரையறுக்கப்படுகிறது. கிறிஸ்து பிறப்பு மாதத்தில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு. ஆகவே அந்த நரைத்த தலைப் பெரியவர் நம் புன்னகைக்காகவோ காசுக்காகவோ ஏங்க வேண்டியதில்லை, நிமிர்ந்து நிற்கலாம். டெக்சாஸ் அம்மையாருக்கு அந்த வசதியில்லை. முன்னவரின் நிமிர்வை இறுமாப்பு என்று தலைமையாசிரியர் எண்ணினார். பின்னவரின் பணிவைப் போலி என்று நாம் எண்ணினோம். யாருடைய பிழை பெரிது என்று கேட்டால், குருவாகிய நம்முடையதே. அவர் பணத்தைக் கூட வைத்துவிட்டு எழுந்தார். நாம் கூலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தோம். கூலிக்காரருடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்று எழுதிய தூய யாக்கோபின் திருமுகத்தைப் பற்றிக் குருமடத்தில் நாம் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறோம்.

மறுநாள் காலையே அந்த உணவகத்துக்குச் சென்றோம். வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டுமே அவருக்கு வேலை என்றார்கள். பத்து டாலரை ஓர் உறையிலிட்டு, அவர் பெயரை எழுதி, மேலாளரிடம் கொடுத்தோம். செவ்வாயன்று வேறு ஊருக்குப் போய்விட்டோம். சேர்ந்ததா என்பது இன்றளவும் தெரியாது.

இதைக் கேட்டு முடித்த தலைமையாசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாலு டாலர்" என்றார். அவ்வளவே. விடுதிக்கு நடந்தோம்.

மறுநாள் முழுவதும் தூய பவுல் பேராலயத்திலும் கல்லறைக் குகைகளிலும் கழிந்தது. மாலையில் அவரே நம் அறைக்கு வந்தார். "இன்றைக்கும் அங்கேயே போவோம், சாமி" என்றார். நேற்றைய ஐவரும் புறப்பட்டனர்.

பெரியவர் நம்மைக் கண்டதும் முகம் மாறினார். பிறகு ஒன்றும் நடவாததுபோல் அதே மேசைக்கு அழைத்துச் சென்றார். அம்மையார் இம்முறை பாஸ்தாவை மிச்சமின்றி உண்டுவிட்டு, வெற்றித் தட்டை அவருக்குச் சாய்த்துக் காட்டினார். பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார். சகோதரிகள் மீண்டும் கப்புச்சீனோ கேட்டனர். பக்தி எல்லா வழக்கங்களையும் வெல்லும்.

ஒன்பது மணிக்கு மேசை துடைக்கப்பட்டது. எவரும் வரவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தாம் பணியாற்றிய பள்ளிகளைப் பற்றியும், ஒருமுறை வெள்ளத்தில் மாணவர்களைப் பரிசலில் அழைத்துவந்ததைப் பற்றியும், தம் தந்தையைப் பற்றியும் பேசினார். அவர் இவ்வளவு பேசி நாம் கேட்டதில்லை. பெரியவர் நம்மைப் பாராமல் மும்முறை கடந்து சென்றார். ஒவ்வொரு முறையும் தலைமையாசிரியர் அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். மணி பத்தேகால் ஆயிற்று.

காலையிலேயே நம்மிடம் கேட்டு எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். கையை உயர்த்தினார். நாற்பதாண்டு வகுப்பறையை அடக்கியாண்ட குரலில், "இல் கோந்தோ, பெர் ஃபவோரே!" என்றார். உணவகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அடுத்த மேசையிலிருந்த ஒரு குழந்தை கை தட்டியது.

பில் ஒரு சிறு தட்டில் மடித்து வைக்கப்பட்டு அவர்முன் வந்தது. வங்கி அன்பர் அதை வாங்கித் தணிக்கை செய்தார். ரொட்டி என்று தலைக்கு ஒன்றரை யூரோ போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, நாம் கேளாமல் வந்ததற்கு எப்படி விலை என்றார். இத்தாலியின் பல பகுதிகளில் மேசைத் துணிக்கும் ரொட்டிக்கும் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கட்டணம் உண்டு. உரோமை அமைந்துள்ள லாட்சியோ மாநிலம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைத் தடைசெய்தபின், ரொட்டிக்கென்று தனி விலை போடுகின்றனர். வேண்டாமென்று முதலிலேயே திருப்பியனுப்பினால் கொடுக்க வேண்டியதில்லை. "நேற்றே சொல்லியிருக்கலாமே, சாமி" என்றார் அன்பர். அதுவும் நியாயமே.

தலைமையாசிரியர் பணத்தை வைத்தபின், "இவருக்கு எவ்வளவு கூட வைக்க வேண்டும்?" என்று காதோடு கேட்டார். இந்நாட்டில் வைக்க வேண்டிய கட்டாயமில்லை, சில்லறை மீதியை விட்டால் போதும் என்றோம். அவர் ஐந்து யூரோத் தாள் ஒன்றை எடுத்து, மடித்து, தட்டின் அடியில் செருகினார். கட்டாயமில்லையே என்று மீண்டும் கூறினோம்.

"இது இவருக்கு இல்லை, சாமி" என்றார். "அந்த டெக்சாஸ் அம்மாவுடையது. இவரிடம் கொடுத்து வைக்கிறேன்."